24-ஐ 60-க்குள் எப்படி அடைப்பது?

கணினியை இணைத்த டிவியில் படம் சீராக ஓடுகிறதா என்று பார்க்க நான் சண்டைக் காட்சியைப் போடுவதில்லை. சண்டையில் எல்லாமே ஆடும். எது கேமராவின் ஆட்டம், எது நம் கணினியின் ஆட்டம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. படத்தைக் கடைசிக்கு ஓட்டி, பெயர்கள் மெல்ல மேலே ஏறும் இடத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்ப்பேன். எழுத்துகள் வழுக்கிக்கொண்டு ஏறினால் சரி. நொண்டி நொண்டி ஏறினால் வேலை இருக்கிறது.

எங்கள் ஹாலில் 55 அங்குல 4கே டிவிக்குக் கீழே, ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்து வந்த சின்னக் கணினி ஒன்று இருக்கிறது. வாங்கிய முதல் வாரமே நொண்டல் கண்ணில் பட்டுவிட்டது. வயலோரமாகக் கேமரா மெதுவாக நகரும் ஒரு காட்சியில் தென்னை மரங்கள் ஒவ்வொன்றும் நடுங்கிக்கொண்டே போயின. கடையில் கேட்டேன். "கிராஃபிக்ஸ் கார்டு போடுங்க சார், பறக்கும்" என்றார்கள். போட்டேன். மரங்கள் அதேபோல நடுங்கின; கூடவே ஃபேன் இரைச்சலும் சேர்ந்துகொண்டது. கணினியின் வேகத்துக்கும் இந்த நடுக்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது, இது வெறும் வகுத்தல் கணக்கு என்று புரிய இன்னும் ஒரு மாதம் ஆனது. அந்தக் கார்டின் பணம் போனது போனதுதான்.

அதனால், எந்த வழி நல்லது என்று ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் டிவியில் தெரிவது என்ன நோய் என்று பாருங்கள்.

முதலில் எந்த நோய்?

கணினி உண்மையிலேயே திணறினால் படம் ஒழுங்கில்லாமல் நிற்கும், தாவும். சில நேரம் ஒலி முந்திப்போகும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். படம் ஓடும்போது, கோடி (Kodi) என்ற பிளேயரில் டீபக் தகவலை வரவழைத்தால், எம்பிவி (mpv) என்ற பிளேயரில் 'ஐ' (i) விசையை அழுத்தினால், திரை ஓரத்தில் எண்கள் வரும். தவறவிட்ட ஃப்ரேம்களின் (அசையும் படத்தைச் சேர்த்து உண்டாக்கும் தனித்தனிப் படங்களின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் திணறல்தான். பெரும்பாலும் காரணம், சுருக்கி வைத்த வீடியோவை விரிக்கும் டிகோடர். எச்.264 என்ற பழைய சுருக்க முறையில் இருக்கும் கோப்பை எந்தப் பழைய கணினியும் ஓட்டும். அதற்கடுத்து வந்த எச்இவிசி முறையில் 10-பிட் 4கே கோப்பு என்றால் சிப்பிலேயே அதற்கான டிகோடர் வேண்டும். இன்டெலில் ஏழாம் தலைமுறை முதல் அது உண்டு. இன்னும் புதிய ஏவி1 முறை என்றால் பதினோராம் தலைமுறை. 2023-இல் வந்த என்100 சிப் ஆறு வாட் அளவில் இவை எல்லாவற்றையும் செய்துவிடும். மினி பிசி வாங்குவதாக இருந்தால் இதற்கு மேல் சினிமாவுக்குத் தேவையில்லை. கோப்பு வைஃபை வழியாக வருகிறது என்றால் ஒருமுறை கேபிளில் போட்டுப் பாருங்கள். குற்றவாளி ரௌட்டராகவும் இருக்கலாம்.

எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்கிறது, ஆனாலும் கேமரா பக்கவாட்டில் நகரும்போதெல்லாம் படம் உதறுகிறது. இது இரண்டாவது வகை. நானும் கார்டு வாங்கியது இதற்காகத்தான்.

சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். பேசும் படம் வந்த 1920-களின் கடைசியிலிருந்து அதுதான் வழக்கம். கணினியோ டிவியை நொடிக்கு 60 முறை (60 ஹெர்ட்ஸ்) புதுப்பிக்கச் சொல்கிறது. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. ஒரு ஃப்ரேமை இரண்டரை முறை காட்ட முடியாது. ஆகவே ஒன்றை மூன்று முறை, அடுத்ததை இரண்டு முறை, மறுபடி மூன்று, மறுபடி இரண்டு. தகிட தக, தகிட தக. கண்ட நடை காதுக்கு இனிமையாக இருக்கும், கண்ணுக்கு நொண்டல். ஒரு ஃப்ரேம் 50 மில்லிநொடி நிற்கிறது, அடுத்தது 33-இலேயே போய்விடுகிறது. சீரான வேகத்தில் நகர்ந்த கேமரா இழுத்து இழுத்து நகர்வதுபோலத் தெரிவது இதனால்தான்.

மூன்றாவது வகை ரொம்ப நாசூக்கானது. எல்லாம் நன்றாக ஓடும். முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் லேசாக ஒரு தடுக்கல். அதைப் பின்னால் பார்ப்போம்.

60-லேயே விட்டுவிடுவது

செலவில்லை, வேலையில்லை. அமெரிக்காவில் பல தலைமுறைகள் டிவியில் எல்லாப் படத்தையும் இந்த மூன்று-இரண்டு கணக்கிலேயே பார்த்து வளர்ந்தன. 50 ஹெர்ட்ஸ் ஒளிபரப்பில் வளர்ந்த நமக்குத்தான் அது கூடுதலாக உறுத்துகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வீட்டில் உங்களைத் தவிர யாருக்கும் தெரியவில்லை என்றால் அவர்களுக்குக் காட்டிக் கொடுக்காதீர்கள். ஒருமுறை கண்ணில் பட்டால் அப்புறம் போகவே போகாது. யூடியூப், ஃபோனில் எடுத்த கல்யாண வீடியோ இவைதான் அதிகம் என்றால் 60-லேயே இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை 30 அல்லது 60 ஃப்ரேம். கணக்கு ஒழுங்காக வகுபடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை: இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தானே என்று டிவியை 50-க்கு மாற்றிவிட்டு 24 ஃப்ரேம் படம் பார்க்காதீர்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு முறை என்றால் 48 ஆகிறது; மிச்சம் இரண்டு. அதை ஈடுகட்ட நொடிக்கு இரண்டு ஃப்ரேம்கள் மட்டும் மூன்று முறை காட்டப்படும். அரை நொடிக்கு ஒரு தட்டு. 60-இன் நொண்டலையாவது கண் பழகிக்கொள்ளும், இது பழகாது. 25 ஃப்ரேமில் எடுத்த டிவி நிகழ்ச்சிகளுக்கு மட்டும்தான் 50 பொருத்தம்.

டிவியைப் படத்துக்கு ஏற்ப மாற்றுவது

24 ஃப்ரேம் படம் போட்டால் கணினியும் டிவிக்கு 24 ஹெர்ட்ஸ் அனுப்பட்டும், 25 என்றால் 50, 30 என்றால் 60. என் கணக்கில் இதுதான் முறையான வழி. படத்தையும் தொடவில்லை, ஒலியையும் தொடவில்லை.

கோடியில் செட்டிங்ஸுக்குள் 'பிளேயர்', அதில் 'வீடியோஸ்'. அங்கே 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்' என்று ஒரு வரி இருக்கும். அதை 'ஆன் ஸ்டார்ட்/ஸ்டாப்' என்று வைத்தால் படம் தொடங்கும்போது மாறி, முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். வரி கண்ணில் படவில்லை என்றால், செட்டிங்ஸ் பக்கத்தின் கீழ் மூலையில் 'ஸ்டாண்டர்டு' என்று இருப்பதை 'எக்ஸ்பர்ட்' ஆக்குங்கள். 'சிஸ்டம்', 'டிஸ்ப்ளே' பக்கத்தில் 'ஒயிட்லிஸ்ட்' என்று இன்னொன்று இருக்கிறது. எந்தெந்த அளவுக்கும் ஹெர்ட்ஸுக்கும் மாறலாம் என்று அங்கே டிக் போட வேண்டும்.

டிக் போடும்போது 24.00, 23.976 என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். இரண்டுக்கும் போடுங்கள். முன்னே சொன்ன மூன்றாவது நோயின் மூலம் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி 1953-இல் 60-ஐ 59.94 ஆக்கிக்கொண்டது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு வீடியோ கோப்புகளில் 24 என்பது 23.976 ஆகிவிட்டது. டிஸ்க்கிலிருந்து வரும் படங்கள் பெரும்பாலும் அப்படித்தான். அதைச் சரியாக 24.00 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒவ்வொரு 42 நொடிக்கும் ஒரு ஃப்ரேம் திரும்பக் காட்டப்படும். அதுதான் அந்தத் தடுக்கல். பழைய விண்டோஸில் இவை '23 ஹெர்ட்ஸ்', '24 ஹெர்ட்ஸ்' என்று மொட்டையாகத் தெரியும். 23 என்பது 23.976. சில பழைய சிப்களால் 23.976-ஐத் துல்லியமாகத் தரவே முடியாது. அப்படியானால் 42 நொடித் தடுக்கலோடு சமாதானமாகிவிடுங்கள், அல்லது அடுத்த வழிக்குப் போங்கள்.

சரி, குறை என்ன? ஹெர்ட்ஸ் மாறும்போது எச்டிஎம்ஐ கைகுலுக்கல், அதாவது டிவியும் கணினியும் பேசி ஒத்துக்கொள்வது, முதலிலிருந்து நடக்கும். திரை ஒன்றிரண்டு நொடி கறுப்பாகும், நடுவில் ஒலிக்கு ஒரு ரிசீவர் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். முதல் நாள் அம்மா, "என்னடா, கரண்ட் போயிடுச்சா?" என்றார். படத்தின் முதல் வசனம் இந்தக் கறுப்பில் போய்விடாமலிருக்க, அதே டிஸ்ப்ளே பக்கத்தில் மாற்றத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று வைக்க இடம் இருக்கிறது. நான் இரண்டு நொடி வைத்திருக்கிறேன். எச்டிஎம்ஐ 2.1-இல் இந்தக் கறுப்பைப் போக்க ஓர் ஏற்பாடு உண்டு. ஆனால் டிவியும் கருவியும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும். அந்த நம்பிக்கையில் புது டிவி வாங்க நான் சொல்லமாட்டேன்.

பெரிய சிக்கல் டிவியின் பேனலில், அதாவது படம் தெரியும் திரையில் இருக்கிறது. 120 ஹெர்ட்ஸ் பேனல் என்றால் 24-க்கு ஒவ்வொரு ஃப்ரேமும் ஐந்து முறை, கணக்கு கச்சிதம். 60 ஹெர்ட்ஸ் பேனல் என்றால் அது டிவியின் குணத்தைப் பொறுத்தது. சில டிவிகள் 24 வந்ததும் பேனலை 48-க்கு இறக்கிக்கொள்ளும். சில, 24-ஐ வாங்கி உள்ளே தானே மூன்று-இரண்டு போட்டு நம்மிடமே நொண்டலைத் திருப்பித் தரும். விளம்பரத்தில் 'மோஷன் ரேட்' என்று போடும் பெரிய எண்ணை நம்பவேண்டாம். அது பேனலின் எண்ணாக இருக்கவேண்டிய அவசியமில்லை. இன்னொன்று: டிவியில் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு 'பிசி' என்று பெயர் கொடுத்தால், அசைவு தொடர்பான அமைப்புகளைப் பூட்டிவிடும் டிவிகள் இருக்கின்றன. பெயரை வேறு ஏதாவதாக மாற்றிப் பாருங்கள். எனக்கு அரை நாள் வீணானது இதில்தான்.

இது கோடி போன்ற பிளேயருக்குள் மட்டும் நடக்கும் வித்தை என்பதையும் மறக்க வேண்டாம். கணினியின் பிரௌசரில் ஓடிடி படம் பார்த்தால் எதுவும் தானாக மாறாது. விஎல்சியும் கணினியில் தானாக மாற்றுவதில்லை. ஓடிடிக்கு டிவியின் சொந்த ஆப் போதும். படத்தின் தரமும் பெரும்பாலும் பிரௌசரைவிட அங்கே கூடுதலாகவே கிடைக்கும்.

படத்தை டிவிக்கு ஏற்ப மாற்றுவது

மேலே சொன்னதற்கு நேர் எதிர் வழி. டிவி 24.00-இல் நிற்கிறதா? 23.976 படத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் கூட்டி ஓட்டிவிடு. காது கண்டுபிடிக்காது. எம்பிவியில் 'டிஸ்ப்ளே-ரீசாம்பிள்' என்ற வீடியோ-சிங்க் முறை இதைத்தான் செய்கிறது. கோடியில் 'சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே'. 42 நொடித் தடுக்கலுக்கு நல்ல மருந்து. ஒரே குறை, ஒலியைக் கணினியே பிரித்து மறுபடி செய்ய வேண்டியிருப்பதால் டால்பி, டிடிஎஸ் ஒலியை அப்படியே ரிசீவருக்கு அனுப்ப முடியாது. ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு அது வலிக்கும். டிவி ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

24-ஐ 25 ஆக்கி 50 ஹெர்ட்ஸில் ஓட்டுவது இதன் பெரியண்ணன். 50 ஹெர்ட்ஸ் நாடுகளின் தொலைக்காட்சிகள் வெகுகாலம் இப்படித்தான் படம் காட்டின. இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடியும். அசைவு பட்டுப்போல இருக்கும், ஆனால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். மென்பொருளில் சுருதியைத் திருத்தலாம். அப்போதும் பாட்டின் காலப்பிரமாணம் மாறியதுதான். வசனப் படத்துக்குப் பொறுத்துக்கொள்வேன். பாட்டு நிறைந்த தமிழ்ப் படத்தை, அதுவும் நூறு முறை கேட்டு மனதில் பதிந்த பாட்டை, இப்படிக் கேட்க என்னால் முடியாது. 24, 48, 120 எதையுமே ஏற்காத பழைய டிவி இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இல்லாத ஃப்ரேமை உண்டாக்குவது

இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து வரைந்து சேர்ப்பது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று கம்பெனிக்கு ஒரு பெயர். கணினியில் செய்ய எஸ்விபி என்ற மென்பொருள் இருக்கிறது. அதற்கு உண்மையிலேயே கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்யும். (என் கார்டுக்கு ஒரு வாரம் இப்படி வேலை கொடுத்துப் பார்த்தேன்.) உதறல் போய்விடும். கூடவே சினிமாவும் போய்விடும். எல்லாப் படமும் ஸ்டூடியோவில் எடுத்த மெகா சீரியல் போலாகும். கை வீசினால் விரலைச் சுற்றி ஜெல்லி மாதிரி ஒரு கலங்கல் தெரியும். 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டு வீடியோவே வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, டிவி கம்பெனிகளும் ஸ்டூடியோக்களும் சேர்ந்த யுஎச்டி அலையன்ஸ் அறிவித்த 'ஃபிலிம்மேக்கர் மோட்' இதைத் தானாக அணைக்கும்.

நான் அவர்கள் கட்சிதான், ஆனால் முழுக்க அல்ல. ஓஎல்இடி திரையில் பிக்சல் நொடிப்பொழுதில் மாறிவிடுவதால், கணக்கு சரியாக இருந்தாலும் 24 ஃப்ரேமின் இயல்பான தடக் தடக் வெளிப்படையாகத் தெரியும். தியேட்டரில் ஃபிலிம் புரொஜெக்டரின் ஷட்டர் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு மூன்று முறை வெட்டிக் காட்டி அந்தக் கூர்மையை மழுப்பியது. இங்கே மழுப்ப ஒன்றுமில்லை. அதனால் பத்துக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் இந்த அமைப்பை வைத்துக்கொள்வதில் தப்பில்லை. எம்பிவியின் 'இன்டர்பொலேஷன்' வேறு வகை. புதிதாக எதையும் வரைவதில்லை, ஒரு ஃப்ரேமிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில் மட்டும் லேசாகக் கலக்கிவிடும். 60-இல் சிக்கிக்கொண்டவர்களுக்கு அது நல்ல இடைக்கால ஏற்பாடு.

படத்துக்கு ஏற்பத் திரையின் ஹெர்ட்ஸ் ஓடிக்கொண்டே மாறும் விஆர்ஆர் பற்றியும் கேட்பீர்கள். அது விளையாட்டுக்காக வந்தது. சினிமா பிளேயர்கள் அதைச் சரியாகப் பயன்படுத்துவது அபூர்வம். விட்டுவிடலாம்.

கணினியே வேண்டாம் என்றால்

இதுவும் ஒரு வழிதான், பலருக்கு இதுவே நல்ல வழி. கணினி உள்ளறையில் சத்தமில்லாமல் ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளை ஓட்டிக்கொண்டு கோப்புகளைக் கொடுக்கட்டும். படத்தைக் காட்டுவது டிவியின் ஆப் அல்லது ஒரு ஸ்டிக். பேனல் டிவியின் சொந்தக் கையில் இருப்பதால் 24 ஃப்ரேமை டிவியின் ஆப் பெரும்பாலும் நேராகவே காட்டிவிடும். ஃபயர் டிவி ஸ்டிக் 4கே, ஆப்பிள் டிவி 4கே இரண்டிலும் ஃப்ரேம் ரேட்டைப் படத்துக்குப் பொருத்தும் அமைப்பு இருக்கிறது. வாங்கும்போது அணைந்திருந்தால் நீங்கள்தான் தேடிப் போட வேண்டும். ஆப்பிளில் அதன் பெயர் 'மேட்ச் கன்டென்ட்'.

மூன்று இடத்தில் இடறும். சில டிவிகளில் டிடிஎஸ் ஒலி வராது. பல டிவிகளின் கேபிள் துளை நொடிக்கு 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். 4கே டிஸ்க்கிலிருந்து அப்படியே எடுத்த கோப்பு சில இடங்களில் அதைத் தாண்டும். அப்போது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தக் கேபிளைவிட மேல். மூன்றாவது நம்முடையது: தமிழ் சப்டைட்டில். டிவி பிளேயர் தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டலாம், இல்லையென்றால் கொம்பைக் கழற்றி எழுத்துக்குப் பின்னால் வைக்கலாம். கோடியில் நல்ல தமிழ் எழுத்துருவைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை எனக்கு வந்ததில்லை. கணினியை நான் விடாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

நடுவழியாக, ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் லிப்ரெஎலெக் போடலாம். கோடியை மட்டுமே ஓட்டும் லினக்ஸ் அது. குறுக்கே டெஸ்க்டாப் இல்லாததால் ஹெர்ட்ஸ் மாறுவது வம்பில்லாமல் நடக்கிறது. பை 5-இல் எச்இவிசி டிகோடர் உண்டு, எச்.264-க்கு வன்பொருள் டிகோடர் கிடையாது. சாதாரண 1080பி கோப்பை அதன் பிராசசரே சமாளித்துவிடும், பயப்பட வேண்டாம். ஏவி1 4கே கோப்பு இருந்தால் மட்டும் என்100 பக்கம் போங்கள்.

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இது. கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டேன். கோடியில் ரெஃப்ரெஷ் ரேட் தானாக மாறுகிறது. டிவியில் அசைவு மழுப்பல் அந்த உள்ளீட்டுக்கு மட்டும் அணைந்திருக்கிறது. செட்டாப் பாக்ஸ் இருக்கும் உள்ளீட்டில் அது போட்டபடியே இருக்கிறது, ஏனென்றால் கிரிக்கெட்டில் பந்து தெளிவாகத் தெரிகிறது என்று அப்பா சொல்லிவிட்டார். ஓடிடிக்கு டிவியின் ஆப். படம் பார்ப்பதே முக்கியம், கோப்புகள் நிறைய இருக்கின்றன, டிவி 24-ஐ ஒழுங்காக ஏற்கிறது என்றால் உங்களுக்கும் இதையே சொல்வேன். மாதம் இரண்டு படம், மீதியெல்லாம் ஓடிடி என்றால் கணினிக்குச் செலவழிக்காமல் ஸ்டிக் வாங்குங்கள்.

டிவியையே புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்குப் பென்டிரைவ் மட்டும் கொண்டுபோகாதீர்கள். அது டிவியின் பிளேயரைத்தான் சோதிக்கும், எச்டிஎம்ஐ வழியாக வரும் 24-ஐ டிவி என்ன செய்கிறது என்று காட்டாது. லேப்டாப்பும் ஒரு கேபிளும் எடுத்துப் போய், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 23.976 வைத்து, ஏதாவது ஒரு படத்தின் கடைசிப் பெயர்ப் பட்டியலை ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.